கஞ்சாச் செடியின் இலையில் செய்யும் போதைப்பொருளான பாங்கைக் கடையில் விற்கிறார்கள், கஞ்சா வைத்திருந்தால் மட்டும் சிறை. ஒரே செடிக்கு ஏன் இரண்டு நீதி?

வேறுபாடு செடியில் இல்லை, வரையறையில் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் ‘கஞ்சா’ என்பது பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி. நுனி சேராத இலையும் விதையும் அதில் வராது. 1961 ஐ.நா. ஒப்பந்தமும் இலையை இப்படித்தான் விலக்கியது. அதனால் இலையை அரைத்துச் செய்யும் பாங்கு மாநிலக் கலால் விதிகளின் கீழ் போனது. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அதற்கு உரிமம் பெற்ற கடைகளே உண்டு.

தண்டனை எடையைப் பொறுத்தது. 1 கிலோவுக்குக் குறைவு என்றால் அதிகபட்சம் ஓராண்டு. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு, ஜாமீனும் குதிரைக்கொம்பு. சிக்கல் இங்கேதான். பிடிபடும் மூட்டையைத் தண்டு, இலை, விதையோடு அப்படியே தராசில் வைத்தால் 20 கிலோ எளிதில் தாண்டும். நுனியைப் பிரித்து எடை போட்டார்களா என்பதுதான் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வி.

போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், சிறிய அளவு (கஞ்சாவுக்கு 1 கிலோவுக்குக் கீழ்) வழக்கிலிருந்து அதே சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்களிக்கிறது. பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம். இப்படி ஒரு பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியாது.

இலை என்பதால் பாங்கு சாது அல்ல. போதை தரும் டிஎச்சி அதிலும் உண்டு. கஞ்சாவைப் புகைத்தால் போதை சில நிமிடங்களில் தெரியும். பாங்கைக் குடித்தால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ‘ஒன்றும் ஏறவில்லையே’ என்று இரண்டாவது டம்ளர் குடிப்பவர்தான் படபடப்போடு மருத்துவமனைக்குப் போகிறார். சட்டம் கோடு போட்டது தாவரவியலை வைத்து, தீங்கை அளந்து அல்ல.