மிஷ்ரி டப்பாவில் இருப்பது பல்பொடி இல்லை

கேள்வி: சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி தாராவிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மாமியார் மிஷ்ரியால்தான் பல் தேய்ப்பார். மசக்கையில் எனக்குக் குமட்டல் தாங்கவில்லை. "கொஞ்சம் தேய்ச்சுப் பாரு, வாய் தெளியும்" என்று கொடுத்தார். இப்போது ஐந்தாம் மாதம். நாலு வேளை தேய்க்காவிட்டால் தலை வலிக்கிறது. நாள் முழுக்க சிகரெட் ஊதும் கணவர் என்னைத் திட்டுகிறார். பல்பொடிதானே, இதில் என்ன தப்பு?
- பெயர் வேண்டாம், மும்பை

பதில்: தேய்க்காவிட்டால் தலை வலிக்கிறது என்கிறீர்களே, பதில் அந்த வரியிலேயே இருக்கிறது. பல் விளக்க மறந்ததற்காக யாருக்கும் தலை வலிப்பதில்லை. மிஷ்ரி என்பது வறுத்த புகையிலைப் பொடி. வலிப்பது அதிலுள்ள நிகோட்டின் என்ற போதைப்பொருளைக் கேட்கிற தலை.

நம் ஊரில் இந்தப் பழக்கம் அவ்வளவாக இல்லாததால் பலருக்கு இது என்னவென்றே தெரியாது. மாட்டுங்கா லேபர் கேம்பில் என் பெரியம்மா வீட்டில் நான் பார்த்திருக்கிறேன். போயிலையைத் தவாவில் போட்டுக் கருக வறுப்பார்கள். அந்த நெடிக்குப் பக்கத்து வீடு வரை இருமும். அப்புறம் பொடித்து, ஒரு சின்னத் தகர டப்பாவில் அடைத்து மோரி (வீட்டுக்குள் கழுவுகிற மூலை) மேடையில் வைத்துவிட்டால் அது 'பல்பொடி'. பெரியம்மாவின் ஆள்காட்டி விரல் நகம் எத்தனை சோப்பு போட்டாலும் பழுப்பாகவே இருக்கும். பல்பொடியிலும் பேஸ்டிலும் புகையிலை சேர்க்க நம் நாட்டில் 1992லேயே தடை வந்துவிட்டது. வீட்டுத் தவாவை யார் தடுக்க முடியும்?

உங்கள் குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். மும்பையிலேயே 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2004ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புகையிலை போட்ட பெண்களில் பெரும்பாலோர் உங்களைப் போல மிஷ்ரி தேய்த்தவர்கள். அவர்களுடைய குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைவாகப் பிறந்தன. குறைப்பிரசவமும் கூடுதலாக இருந்தது. ஈறு வழியாக ஏறும் நிகோட்டின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகிறது. ரத்தக் குழாய்களையும் சுருக்குகிறது. குமட்டலுக்கு இது மருந்தும் இல்லை. நிகோட்டினே குமட்டலைக் கிளப்பக்கூடியது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஐந்தாம் மாதத்தில் விட்டாலும் குழந்தைக்கு லாபம்தான். ஆரம்பித்துச் சில மாதம்தானே ஆகிறது, விடவும் முடியும். முதல் மூன்று நாலு நாள் எரிச்சலாக இருக்கும், தூக்கம் கெடும், தலைவலி வரும். அந்த நாட்களில் டப்பா உங்கள் கண்ணில் படக்கூடாது. பிரஷ், பேஸ்ட், தேய்க்கத் தோன்றும்போதெல்லாம் வாய் கொப்பளிக்க வெந்நீர், கடித்துக்கொள்ள நாலு சீரகம், அவ்வளவு போதும். கடையில் கிடைக்கும் நிகோட்டின் சூயிங்கம் மட்டும் நீங்களாக வாங்காதீர்கள். செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடம் மிஷ்ரி என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். 'பீடி, சிகரெட் உண்டா' என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுவீர்கள், அதுதான் ஆபத்து.

மாமியார் மேல் கோபப்படாதீர்கள். அவருக்கும் யாரோ இப்படித்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஒரு நாள் வெளிச்சத்தில் உட்காரவைத்து, கீழுதட்டை இழுத்து ஈறைப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் முன்பு போல் திறக்காமை, இதில் எது இருந்தாலும் உடனே பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வலி இல்லையே என்று விடாதீர்கள். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. பரேலில் டாடா மெமோரியல் உங்களுக்குப் பக்கம்தான்.

கணவர் திட்டுவது சரி, திட்டுகிற வாய்தான் சரியில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஜன்னலோரம் நின்று ஊதினாலும் புகை உங்களிடம்தான் வரும். புகையிலையை விட உதவும் அரசின் இலவச எண் 1800-11-2356. முதலில் நீங்கள் கூப்பிடுங்கள், பேசி முடித்ததும் போனை அவர் கையில் கொடுங்கள்.