மேல் வீட்டு மின்சாரம் நம் மீட்டரில் ஏறுமா?

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் மாடிக் கட்டடம் ஒன்றின் முதல் தளத்தில் வசிக்கிறோம். மார்ச் மாதத்தில் கீசரும் ஏ.சி.யும் ஓடாது என்பதால், எங்கள் மின்சார பில் 200 யூனிட்டுக்குள் நின்று, கட்டணமில்லாமல் வந்துவிடும். இந்த மார்ச்சில் 420 யூனிட் என்று வந்திருக்கிறது. மேல் வீட்டில் புதிதாக ஒயரிங் செய்தார்கள் என்பதைத் தவிர வேறு மாற்றம் இல்லை. அலுவலகத்தில் கேட்டால், மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பணம் கட்டாமல் நிறுத்தி வைக்கலாமா?
- வாசகி ஒருவர், தில்லி

பதில்: நிறுத்தி வைக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவின்படி, 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து இணைப்பைத் துண்டிக்க மின்விநியோக நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கேட்கப்பட்ட தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணம் ஆகிய இரண்டில் குறைவானதை ஆட்சேபத்துடன் செலுத்திவிட்டால், தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

பில்லில் உள்ள ரீடிங் மீட்டரில் தெரியும் எண்ணோடு பொருந்துகிறதா, பில் எத்தனை நாள்களுக்குப் போடப்பட்டது என்பவற்றை முதலில் பாருங்கள். தில்லியில் 400 யூனிட்டைத் தாண்டினால் மானியம் முழுவதும் போய்விடுகிறது என்பதால், தொகையின் உயர்வு யூனிட்டின் உயர்வைவிடப் பெரிதாகத் தெரியும்.

நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கும் மேல் வீட்டு ஒயரிங்தான் என் கண்ணில் முதலில் படுகிறது. இப்போதைய மீட்டர்களில் பல, திருட்டைத் தடுப்பதற்காக, மின்சாரம் வரும் பேஸ், அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளிலும் ஓடும் மின்னோட்டத்தை அளந்து, எது அதிகமோ அதையே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. மேல் வீட்டு நியூட்ரல் கம்பியை எலெக்ட்ரீஷியன் தவறுதலாக உங்கள் நியூட்ரலோடு சேர்த்திருந்தால், அவர்கள் பயன்படுத்தும் மின்சாரம் உங்கள் வழியாகத் திரும்பி, உங்கள் கணக்கிலும் ஏறும். சோதிப்பது எளிது: மெயின் சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு அறைக்கும் உரிய சிறு சுவிட்சுகளான எம்.சி.பி.க்களை மட்டும் அணைத்துவிட்டு, மீட்டரில் சிமிட்டும் சிறு சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். அது தொடர்ந்து சிமிட்டி, மேல் வீட்டில் இஸ்திரிப்பெட்டியைப் போட்டதும் வேகம் பிடித்தால், நியூட்ரல் கலந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகவே கொள்ளலாம். மீட்டரில் 'எர்த்' என்று குறித்த விளக்கு எரிவதும் இதற்கோ மின்கசிவுக்கோ அடையாளமாக இருக்கக்கூடும். அப்படியானால் மீட்டரைக் குறை சொல்ல இடமில்லை. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு கம்பிகளைப் பிரிப்பதே வழி. மேல் வீட்டாரிடம் கோபிக்கவும் வேண்டாம். அதே யூனிட் அவர்கள் மீட்டரிலும் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால், புகாரை எழுத்தில் கொடுத்துப் புகார் எண்ணைப் பெறுங்கள். வாய்மொழிப் பதிலுக்கு எந்த மதிப்பும் இல்லை. 2020ஆம் ஆண்டு மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, புகார் பெற்ற 30 நாள்களுக்குள் மீட்டரைச் சோதிக்க வேண்டும். 2024இல் வந்த திருத்தம் உங்களுக்கு இன்னும் பொருத்தமானது: பயன்பாட்டுக்கும் ரீடிங்குக்கும் ஒவ்வவில்லை என்று புகார் வந்தால், 5 நாள்களுக்குள் கூடுதலாக ஒரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட வேண்டும். இதைக் கடிதத்திலேயே குறிப்பிட்டுக் கேளுங்கள். கேட்காதவர்களுக்குத் தாமாக முன்வந்து செய்து கொடுப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மீட்டரில் வைத்திருக்கும் முத்திரையை (சீல்) மட்டும் நீங்களோ உங்கள் எலெக்ட்ரீஷியனோ தொடவே கூடாது; தொட்டால் புகார்தாரரான நீங்களே மின்திருட்டு வழக்கில் பதில் சொல்ல நேரிடும்.

மீட்டரைக் கழற்றிச் செல்வதானால், உங்கள் முன்னிலையில் கடைசி ரீடிங்கையும் சீல் எண்களையும் எழுதி, கையொப்பமிட்ட நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். சோதனை முடிவில் நிறைவில்லை என்றால் மூன்றாம் தரப்புச் சோதனையைக் கோரலாம். அதன் பிறகு நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், அங்கும் தீராவிட்டால் மின்குறை தீர்ப்பாளரிடமும் செல்லலாம்.