காலையில் காரின் பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது: ஏர் ஸ்பிரிங்கை மாற்றுவதா, இரும்பு ஸ்பிரிங்குக்கு மாறுவதா?

ஏர் ஸ்பிரிங் என்பது வண்டியின் எடையைத் தாங்கும், காற்று நிரப்பிய ரப்பர் பை. முதலில் காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடியுங்கள். வண்டியை உயர்த்தி, ரப்பர் மடிப்பிலும் குழாய் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போகவே கூடாது. காற்று எந்த நொடியும் இறங்கலாம். ரப்பரும் இணைப்பும் சரி என்றால் காற்றை ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் திறந்து மூடும் வால்வு பிளாக்கைச் சந்தேகியுங்கள்.

காற்றை ஏற்றும் கம்ப்ரஸர் கருகிவிட்டதென்று அதை மட்டும் மாற்றுவது வீண் செலவு. கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடித்தான் பெரும்பாலும் அது கருகுகிறது. கசிவை விட்டுவைத்தால் புதியதும் அதே வழிதான். கம்ப்ரஸரை ஓட்டி நிறுத்தும் மின் சுவிட்சான ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள், அதன் முனை ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காது. ஏர் ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் ஜோடியாகப் போடுவது நல்லது. காற்று ஏற்றாமல் வண்டியின் எடையை அதன்மேல் இறக்கினால் மடிப்பு கோணலாகி, புது ரப்பரே கிழியும். இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது.

இரும்பு ஸ்பிரிங் மலிவு, கசியாது. ஆனால் தர்மபுரியிலிருந்து ஐந்து பேரும் சாமான்களுமாகத் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் மேலே பார்க்கும். ஏர் ஸ்பிரிங்கைப் போல உயரத்தைத் தானாகச் சரிசெய்ய இதில் எதுவும் இல்லை. ஏர் ஸ்பிரிங்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட்டை முறையாக முடக்காவிட்டால் எச்சரிக்கை விளக்கு அணையாது. உற்பத்தியாளரின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டிலும் முன்பே கேளுங்கள்.

பின்பக்கம் மட்டும் ஏர் ஸ்பிரிங் உள்ள பழைய வண்டிக்கு இரும்புக்கு மாறுவது பொருந்தும். நான்கு சக்கரத்திலும் ஏர் ஸ்பிரிங் என்றால் பழுதுபார்ப்பதே என் தேர்வு.