எட்டு மாதமாகியும் ‘பாபாபா’ வரவில்லையே?

கேள்வி: என் மகனுக்கு எட்டு மாதம். மூன்று, நான்கு மாதத்தில் ‘ஆ’, ‘ஊ’, ‘ங்கா’ என்று ஓயாமல் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான். இப்போது கீச்சென்று கத்துகிறான், உதட்டைக் குவித்து எச்சில் தெறிக்க ‘ப்ர்ர்’ என்கிறான். ஆனால் ‘பாபாபா’, ‘மாமாமா’ எதுவும் இன்னும் வரவில்லை. அவனைவிடச் சிறியவளான என் தோழியின் மகள் நாள் முழுக்க ‘தாதாதா’ என்கிறாள். ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் கணவருக்கும் தாய்மொழி வேறு வேறு, அதனால் குழம்புகிறானோ? தினமும் பாட்டு வீடியோ போட்டுக் காட்டுகிறோம். வேறு என்ன செய்யலாம்?

பதில்: எட்டு மாதத்தில் ‘பாபாபா’ வரவில்லை என்பதை மட்டும் வைத்து எந்தக் குறையும் சொல்ல முடியாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஆறிலிருந்து பத்து மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கும். அதற்காகப் பத்து மாதம் வரை பார்க்கலாம் என்று சும்மா இருக்கவும் சொல்ல மாட்டேன். காது கேட்கும் திறனை இப்போதே ஒருமுறை சோதித்துவிடுங்கள். கூடவே, அவன் சத்தம் கொடுக்கும்போது நீங்கள் எப்போது, எப்படிப் பதில் கொடுக்கிறீர்கள் என்பதைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். வீடியோவை நிறுத்திவிடலாம்.

முதலில், இப்போது அவன் செய்வது பின்னடைவு இல்லை. பிறந்து ஆறு, எட்டு வாரத்தில் ‘ஆ’, ‘ஊ’ தொடங்கும். நான்கு மாதத்துக்குப் பிறகு கீச்சிடுவது, உறுமுவது, எச்சில் ஊதுவது என்று தன் குரலையும் உதட்டையும் சோதித்துப் பார்க்கும் காலம் வரும். உங்கள் மகன் அங்கேதான் இருக்கிறான். அடுத்த படி, மெய்யும் உயிரும் ஒரே வீச்சில் சேர்ந்து அசையாக வருவது. முன்பு சொன்ன ‘ங்கா’வும் அசைதானே என்று கேட்பீர்கள். காதுக்கு அப்படிக் கேட்டாலும் அது வேறு. மல்லாந்து கிடக்கும் சின்னக் குழந்தையின் நாக்கு பின்பக்கமாக அண்ணத்தைத் தொட்டுத் தொட்டு விலகும்போது இழுவையாக வரும் ஓசை அது. ‘பாபாபா’வில் தாடை சீரான தாளத்தில் மூடித் திறக்கிறது, பெரியவர்கள் பேச்சில் அசைகள் வரும் வேகத்தை அது நெருங்குகிறது. ப, ம இரண்டுக்கும் உதடு சேர்ந்து பிரிந்தால் போதும், நாக்கு பெரிதாக மெனக்கெட வேண்டாம். அதனால்தான் பல குழந்தைகளுக்கு இவை முன்னால் வருகின்றன. இந்த வயதில் ‘மாமாமா’ என்பதற்குப் பொருள் எதுவும் இருக்காது. பெயர் சொல்லி அழைப்பது ஏறக்குறைய ஒரு வயதையொட்டித்தான்.

இனி காது. தீவிரமான கேள்திறன் குறைபாடு உள்ள குழந்தைகளும் முதல் சில மாதங்களில் மற்றவர்களைப் போலவே ‘ஆ ஊ’ சொல்வார்கள், கீச்சிடுவார்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இந்த அசைக் கட்டத்தில்தான். தன் குரலையும் அடுத்தவர் குரலையும் கேட்டுக் கேட்டுத்தான் குழந்தை அசைகளைப் பிடிக்கிறது. கேட்காதபோது அது பல மாதங்கள் தள்ளிப்போகும். கிம்பரோ ஓலர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1980களில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். இன்னொன்று, கேட்டாலே வியப்பாக இருக்கும்: சைகை மொழி பேசும் வீட்டில் வளரும் காது கேளாத குழந்தைகள் இதே வயதில் கைகளால் மழலை பேசுகிறார்கள். பொருளில்லாத கையசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். இது 1991இல் வெளியான ஆய்வு. குழந்தையின் மூளை மொழியைத் தேடுகிறது. எந்த வழி திறந்திருக்கிறதோ அந்த வழியாக.

‘கை தட்டினால் திரும்புகிறானே, பிறந்தவுடன் செய்த பரிசோதனையிலும் சரியாக இருந்ததே’ என்று நீங்கள் சொல்லலாம். கை தட்டும்போது உங்கள் அசைவு ஓரக்கண்ணில் படுகிறது, காற்று முகத்தில் படுகிறது. கதவு அறையும் சத்தம் கேட்கிற குழந்தைக்கு ச, த போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். பிறந்தபோது நன்றாக இருந்த காதில் பின்னால் குறை வருவதும் உண்டு. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் தங்கி, எல்லாமே மந்தமாகக் கேட்கலாம். இது பெரும்பாலும் சரியாகிவிடக்கூடியதுதான், ஆனால் இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. ஆகவே வீட்டுச் சோதனையை நம்பி இருக்காதீர்கள். குழந்தை தூங்கும்போது கருவி வைத்துக் காது கேட்கும் திறனை அளக்கிற ஓ.ஏ.ஈ., பெரா பரிசோதனைகளில் வலி கிடையாது. நடுக்காதைப் பார்க்கவும் தனிச் சோதனை உண்டு. எது வேண்டும் என்பதைக் கேள்திறன் நிபுணர் முடிவு செய்வார்.

அடுத்தது வீட்டில் செய்ய வேண்டியது. குழந்தையுடன் நிறையப் பேசுங்கள் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். தவறில்லை. ஆனால் எவ்வளவு பேசுகிறீர்கள் என்பதைவிட எந்த நொடியில் பதில் கொடுக்கிறீர்கள் என்பதற்குத்தான் நான் முதலிடம் தருவேன். அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் கோல்ட்ஸ்டைன் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கிட்டத்தட்ட உங்கள் மகன் வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்தது. ஒரு குழுவில், குழந்தை சத்தம் கொடுத்த உடனே அம்மா சிரிக்க வேண்டும், நெருங்க வேண்டும், தொட வேண்டும். மற்றக் குழுவில் அதே சிரிப்பு, அதே தொடுதல். ஆனால் குழந்தையின் சத்தத்துக்கும் அதற்கும் தொடர்பிருக்காது. முதல் குழுக் குழந்தைகளின் சத்தம் அந்த ஒரே அமர்வுக்குள் தெளிவான அசைகளை நோக்கி நகர்ந்தது. மற்றக் குழுவில் அது நடக்கவில்லை. ‘நான் சத்தம் போட்டால் ஏதோ நடக்கிறது’ என்று குழந்தை கண்டுகொள்வதுதான் இங்கே மருந்து.

இதற்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டாம். துணி மாற்றும்போது, குளிப்பாட்டும்போது உங்கள் முகம் அவன் முகத்துக்கு நேராக இருக்கட்டும். உதடு அசைவது அவனுக்குத் தெரிய வேண்டும். அவன் ‘ஆ’ என்றால் ஓரிரு நொடிக்குள் நீங்களும் ‘ஆ… அப்படியா!’ என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரியவர்களுக்கு இந்த நிறுத்தம்தான் கஷ்டம். அமைதி வந்ததும் அடுத்த வாக்கியத்தைக் கொட்டிவிடுகிறோம், குழந்தையின் முறை வருவதே இல்லை. அவன் ‘ப்ர்ர்’ என்றால் நீங்களும் கூச்சப்படாமல் ‘ப்ர்ர்’ என்று ஊதுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு அதே உதட்டில் ‘பா… பாபா’ என்று ஒன்றை நுழைத்துப் பாருங்கள். அவன் அதைத் திருப்பிச் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ‘சொல்லு, சொல்லு’ என்று துரத்தினால் விளையாட்டு பரீட்சையாகிவிடும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்கிறான் என்று பொருள்.

ஒரு பொம்மையைப் பார்த்து அவன் சத்தம் கொடுத்தால் அந்தப் பொம்மையின் பெயரைச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் பந்தை நீங்கள் தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டாம். அவன் கவனம் எங்கே இருக்கிறதோ அங்கே விழும் சொல்தான் ஒட்டும். குரலை உயர்த்தி, இழுத்து, ராகம் போட்டுப் பேசுவது சில அப்பாக்களுக்கு வெட்கமாக இருக்கும். குழந்தைகள் அந்தக் குரலைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள், அதனால் வெட்கத்தை விடச் சொல்லுங்கள்.

வீடியோ ஏன் வேண்டாம் என்றால், அது அவனுக்குப் பதில் சொல்லாது. பாட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். நேரில் ஆள் உட்கார்ந்து விளையாடிப் பேசியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, திரையில் வந்தபோது எதுவும் கற்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019இல், ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. தாத்தா பாட்டியுடன் வீடியோ காலில் பேசுவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன், அவர்கள் பதிலுக்குச் சிரிக்கிறார்கள். பாட்டு வேண்டுமென்றால் நீங்களே பாடுங்கள். சுருதி விலகினால் அவனுக்கு ஆட்சேபம் இல்லை. யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியையும் அணைத்துவிடுங்கள், உங்கள் பேச்சு அந்த இரைச்சலில் கரைந்துபோகிறது.

இரண்டு மொழி பற்றிய கவலையை இன்றோடு விடலாம். இரு மொழி வீட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய இதே வயதில்தான் அசைகளுக்கு வருகிறார்கள். அவரவர் மொழியில் அவரவர் பேசுங்கள். ஆண் பிள்ளைகள் சராசரியாகக் கொஞ்சம் பின்னால் வருவது உண்மைதான், ஆனால் பரிசோதனையைத் தள்ளிப்போட அது காரணமாகாது. குறைமாதத்தில் பிறந்தவன் என்றால் மட்டும் கணக்கை மாற்றுங்கள்: இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்திருந்தால் இப்போது அவனுக்கு ஆறு மாதம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிடலாம் என்றும் யாராவது சொல்லக்கூடும். ‘பாபா’வும் ‘மாமா’வும் உதட்டில் பிறப்பவை. அவை வராததற்கு நாக்கைக் குற்றம் சொல்ல இடமில்லை.

பத்து மாதம் முடிந்தும் அசைகள் வராவிட்டால், பரிசோதனையில் காது நன்றாக இருந்தாலும் பேச்சுப் பயிற்சி நிபுணரைப் பாருங்கள். ஒன்பது மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், கண்ணைப் பார்த்துச் சிரிப்பது குறைந்தால், அல்லது வந்துகொண்டிருந்த சத்தங்கள் எல்லாம் அடங்கி அமைதியாகிவிட்டால் பத்து மாதம் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். நிபுணரிடம் போகும்போது அவன் வீட்டில் விளையாடுவதைப் போனில் இரண்டு மூன்று நிமிடம் பதிவு செய்து எடுத்துப் போங்கள். புது இடத்தில், புது முகத்தின் முன்னால் பெரும்பாலான குழந்தைகள் வாயைத் திறப்பதே இல்லை.