ஸ்காலர்ஷிப் தராத கல்லூரியை உடனே ஒதுக்கிவிடாதீர்கள்

வணக்கம் சார். மகனைக் கால்பந்துக்குக் கூப்பிடும் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் (அமெரிக்காவின் இரண்டாண்டுக் கல்லூரி) ஸ்காலர்ஷிப் பேச்சே எடுக்கவில்லை, கான்சாஸ் கல்லூரியோ தருகிறேன் என்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள்.

கலிஃபோர்னியா கோச் உங்களை ஏமாற்றவில்லை. அங்கே கம்யூனிட்டி காலேஜ்களில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்புக்கே அனுமதி கிடையாது. ஆனால் அந்த மாநிலவாசிக்குக் கட்டணம் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 46 டாலர்தான். சீசனில் ஆட அந்த செமஸ்டரில் 12 யூனிட் எடுக்க வேண்டும், மொத்தம் 552 டாலர். குடும்ப வருமானம் குறைவென்றால் பிராமிஸ் கிராண்ட் என்ற மாநிலச் சலுகையில் அதுவும் தள்ளுபடி. வீட்டிலிருந்தே போய்வந்தால் வாடகையும் மிச்சம்.

கான்சாஸில் 'முழு ஸ்காலர்ஷிப்' என்று வாயால் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அங்குள்ள கல்லூரிகள் ஆடும் என்ஜேசிஏஏ (ஜூனியர் காலேஜ்களின் தேசிய விளையாட்டுச் சங்கம்) டிவிஷன் ஒன்றில் தங்குமிடம், சாப்பாடு வரை தரலாம்; இரண்டில் கல்விக் கட்டணம், புத்தகம் போன்றவைதான்; மூன்றில் விளையாட்டுக்கென்று எதுவும் இல்லை. எந்த டிவிஷன், எதெல்லாம் அடக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கல்லூரிக்கு ஆட ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் கடிதம் ஒரு கல்வியாண்டுக்கு மட்டுமே. பையனுக்கு முட்டியில் அடிபட்டால் அடுத்த வருடம் என்ன என்று தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று: மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் உள்ள, இருபாலரும் படிக்கும் கல்லூரிகள் தங்கள் விளையாட்டு அணிகளுக்கான வரவு செலவை ஆண்டுதோறும் அமெரிக்க மத்தியக் கல்வித் துறைக்குக் கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையை ஈஏடிஏ (EADA) என்று இணையத்தில் தேடினால் யாரும் பார்க்கலாம். கால்பந்து அணிக்கு எவ்வளவு செலவிடுகிறார்கள் என்று இரண்டு கல்லூரிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.