எழுத்துக்கூட்டிப் படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாடகம் போட்டால் வாசிப்பு சரளமாகுமா?

ஆகும். ஆனால் வசனத்தை மனப்பாடம் செய்ய விடாதீர்கள். தாளைக் கையில் வைத்துப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். மனப்பாடம் ஆகிவிட்டால் கண் எழுத்தை விட்டுவிடும். அதன்பின் நடப்பது நடிப்புப் பயிற்சிதான். வேஷமும் மேடையும் வேண்டாம், குரல் போதும். இதை ரீடர்ஸ் தியேட்டர் என்பார்கள்.

எழுத்துக்கூட்டும் பிள்ளையின் கவனமெல்லாம் எழுத்திலேயே தீர்ந்துவிடுகிறது. வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துபோகும், அப்புறம் பொருள் எங்கே புரியும்? சொற்களை அடையாளம் காண்பது தானாக நடந்தால்தான் மனம் பொருள் பக்கம் திரும்பும் என்று அமெரிக்க உளவியலாளர்கள் லபெர்ஜும் சாமுவேல்ஸும் 1974இல் விளக்கினார்கள். அதற்கு 1979இல் சாமுவேல்ஸ் சொன்ன வழி, ஒரே சிறு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. வழிகாட்டலோடு இப்படி வாய்விட்டு வாசிப்பது பலன் தருகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழுவும் 2000இல் அறிக்கை தந்தது.

சரி, பிள்ளை ஏன் திரும்ப வாசிக்க வேண்டும்? "இன்னொரு தடவை படி" என்றால் அது தண்டனையாகத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை பக்கத்து வகுப்பின் முன்னால் வாசிக்கப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், அவர்களே ஒத்திகை கேட்பார்கள். என் வகுப்பில் உண்மையான வேலை அந்த ஒத்திகையில்தான் நடக்கிறது. திங்களன்று முழுவதையும் நான் வாசித்துக் காட்டுவேன். அடுத்த நாட்களில் நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாக வாசிப்பார்கள். பாத்திரத்தை தினமும் மாற்றிக் கொடுப்பேன், அப்போதுதான் எல்லா வரியும் எல்லார் வாயிலும் வரும். கடைசி ஒத்திகைக்கு முன்புதான் யாருக்கு எது என்று முடிவாகும். தடுமாறும் பிள்ளைக்கு ஒரே ஒரு வரி கொடுத்து ஒதுக்காதீர்கள். சின்ன வரிகளாக, அடிக்கடி வரும்படி கொடுங்கள்.

வேகத்தை மட்டும் அளக்காதீர்கள். "நீயா? இந்த நேரத்திலா? உள்ளே வா" என்பதை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் பிள்ளைக்கு அது இன்னும் புரியவில்லை. வந்தவரைப் பார்த்து, இந்த வசனத்தைப் பேசுபவளுக்குப் பயமா, சந்தோஷமா என்று கேளுங்கள். பதில் யோசித்த பிறகு குரல் தானாக மாறும். நடுவில் நிறுத்தித் திருத்தாமல், வரி முடிந்ததும் சொல்லுங்கள்.

பாடப்புத்தகக் கதையையே வசனமாக மாற்றலாம். "என்று சொன்னான்" போன்றவற்றை எடுத்துவிட்டு, பெரிய எழுத்தில் அச்சிட்டால் போதும். எழுத்தே இன்னும் பிடிபடாத பிள்ளைகளுக்கு மட்டும் இது போதாது. அவர்களுக்குத் தனியாக எழுத்துப் பயிற்சியும் தினமும் நடக்க வேண்டும்.