21 நாளில் பழக்கம் வந்துவிடுமா?

‘21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா? சர்க்கரைக்காக நடக்கத் தொடங்கி இரண்டு முறை பாதியில் விட்டுவிட்டேன்’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மை இல்லை. அந்தக் கணக்கை நம்பி நானும் ஒன்றரை வருடம் தடுமாறியவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

43 வயதில் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பது தெரிந்தது. ‘மாத்திரை இப்போ வேண்டாம், தினமும் அரை மணி நேரம் நடங்க’ என்றார் டாக்டர். புது ஷூ வாங்கி, தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் 21 கட்டம் வரைந்து ஒட்டினேன். ஒன்பதாம் நாள் நல்ல மழை. ஒரு கட்டம் காலியாகப் போனதும், சரி, எல்லாம் போச்சு, ஒன்றாம் தேதியிலிருந்து புதிதாக ஆரம்பிக்கலாம் என்று விட்டேன். மறுபடி ஆரம்பிக்க நான்கு மாதம் ஆனது. இரண்டாவது முறை 21 கட்டமும் நிரம்பியது. ஆனால் 22ஆம் நாள் காலையிலும் முதல் நாள் போலவே உடம்பை இழுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டியிருந்தது. எல்லோருக்கும் வருவது எனக்கு வரவில்லையே, மன உறுதி இல்லாதவன் போல என்று நினைத்து நிறுத்திவிட்டேன். அந்த நினைப்பு எவ்வளவு தவறு என்று பின்னால்தான் தெரிந்தது.

இந்த 21 எங்கிருந்து வந்தது என்று தேடினால், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜனிடம் போய் நிற்கிறது. முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் 1960இல் எழுதினார். அவர் பேசியது கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பற்றி, நடைப்பயிற்சியைப் பற்றி அல்ல. அதுவும் ‘குறைந்தது’ என்றுதான் சொன்னார். வாய்வழியாகப் பரவியதில் அந்த ஒரு சொல் உதிர்ந்துபோய்விட்டது.

உண்மையிலேயே நாளை எண்ணிப் பார்த்தவர், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆய்வு செய்த ஃபிலிப்பா லாலி. 96 பேர் கலந்துகொண்டார்கள். ஆளுக்கு ஒரு செயல்: மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் கொஞ்சம் ஓட்டம் என்பது போல. அதைத் தினமும் அதே சந்தர்ப்பத்தில் 12 வாரம் செய்து, யோசிக்காமல் தானாக நடக்கிறதா என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். பழக்கம் படிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரியது: ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு, அவர் போகிற வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், 254 நாள். தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது போன்றவை சீக்கிரம் படிந்தன. உடற்பயிற்சிக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காலம் பிடித்தது. எனக்கு மிகவும் ஆறுதல் தந்தது வேறொன்று. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. என் ஒன்பதாம் நாள் மழை எதையும் கெடுத்திருக்கவில்லை. பத்தாம் நாள் நான் போகாததுதான் கெடுத்தது.

அப்புறம், ‘அதே சந்தர்ப்பத்தில்’ என்று சொன்னேனே, விஷயமே அதில்தான் இருக்கிறது. பழக்கங்களைப் பற்றி நெடுங்காலம் ஆய்வு செய்துவரும் வெண்டி வுட்டும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. சினிமா தியேட்டரில் சிலருக்குப் புது பாப்கார்னும், சிலருக்கு ஒரு வாரம் பழைய, நமுத்துப்போன பாப்கார்னும் கொடுத்தார்கள். தியேட்டரில் பாப்கார்ன் கொறித்தே பழகியவர்கள், பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே பழையதையும் புதியதற்குச் சமமாகச் சாப்பிட்டார்கள். கூட்ட அறையில் உட்கார வைத்துக் கொடுத்தபோது அப்படிச் செய்யவில்லை. அதாவது கையை இயக்கியது ருசியோ ஆசையோ இல்லை, அந்த இருட்டும் நாற்காலியும் திரையும்.

இதை நல்லதற்கும் பயன்படுத்தலாம். இங்கிலாந்தில் 248 கல்லூரி மாணவர்களை வைத்து 2002இல் வந்த ஆய்வில், உடற்பயிற்சியின் நன்மைகளை எடுத்துச் சொன்ன குழுவில் 35 சதவீதம் பேர்தான் அந்த வாரம் ஒரு முறையாவது பயிற்சி செய்தார்கள். எதுவும் சொல்லாத குழுவிலேயே 38 சதவீதம். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று கூடவே எழுதவும் வைத்த குழுவில் 91 சதவீதம்.

இதைப் படித்தபின் காலண்டர் தாளைக் கிழித்துவிட்டு என் காலையைக் கவனித்தேன். ஏழு இருபதுக்கு மகளைப் பள்ளி வேனில் ஏற்ற முக்குக்குப் போகிறேன். மழையோ வெயிலோ, அது நடந்தே தீரும். வேன் கிளம்பியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் இடது பக்கம், குளத்துக்கரைப் பக்கம் திரும்புவது, அவ்வளவுதான் என் திட்டம். முதல் இரண்டு மாதம் யோசித்துத்தான் திரும்பினேன். மூன்றாவது மாதத்தில் எப்போதோ யோசிப்பது நின்றுவிட்டது. கோடை விடுமுறையில் வேன் வரவில்லை, நடையும் நான்கே நாளில் நின்றது. இந்த முறை நான் என்னைத் திட்டிக்கொள்ளவில்லை. கொக்கி கழன்றுவிட்டது என்று புரிந்தது. பால் வாங்கப் போவதோடு நடையை மாட்டிவிட்டேன்.

அப்பாவின் பிரஷர் மாத்திரைக்கும் இதே வழிதான் கைகொடுத்தது. போனில் அலாரம் வைத்துப் பார்த்தோம். அடிக்கும், அணைப்பார், மறந்துவிடுவார். அவருக்கு டிபன் முடிந்ததும் பேப்பர் வேண்டும், பேப்பருக்குக் கண்ணாடி வேண்டும். மாத்திரை அட்டையை மடக்கிக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன். கூட்டைத் திறந்தால் முதலில் மாத்திரைதான் கையில் படும். அக்கா வீட்டுக்குப் போனாலும் கூடு கூடவே போகிறது. ஒரு சிக்கல் வந்தது. பழக்கம் நன்றாகப் படிந்தபின் ‘இன்னைக்குப் போட்டேனா?’ என்ற சந்தேகம். யோசிக்காமல் செய்வது நினைவில் நிற்பதில்லை. சந்தேகத்தில் இரண்டாவது மாத்திரை போட்டால் ஆபத்து. அதனால் அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு குழிக்கும் நேராகப் பால்பாயிண்ட் பேனாவால் கிழமையை எழுதிவைக்கிறார்.

உங்கள் விஷயத்துக்கு வந்தால், நாளை எண்ணுவதை முதலில் விடுங்கள். நீங்கள் முயற்சி எடுக்காமலே தினமும் வெளியே போகும் ஒரு நேரம் கட்டாயம் இருக்கும். வேலை முடிந்து பஸ்ஸில் இறங்குவீர்கள், கோயிலுக்குப் போவீர்கள், கடைக்குப் போவீர்கள். அதன் முடிவில் நடையை மாட்டுங்கள். எந்தத் தெருவில் திரும்புவது என்பது வரை எழுதிவையுங்கள். ஆரம்பத்தில் பத்து நிமிடம் போதும். மூன்று நான்கு மாதம் சிரமமாகவே இருந்தாலும் அது இயல்புதான். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் அதே இடத்தில் திரும்பிவிடுங்கள்.